சங்கிலி போட்ட நாற்காலி

ஒருவர் அயலூரில் எத்தனை காலம் தங்கப் போகிறார் என்பதை அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர் வாங்கி வைத்திருக்கும் சாமான்களைப் பார்த்தால் போதும். ஒரு பாயும் தலையணையும் கூஜாவும் மட்டும் இருந்தால், மனுஷர் இன்னும் ஊர் நினைவாகவே இருக்கிறார் என்று அர்த்தம். மடக்கு நாற்காலி வந்துவிட்டால், கொஞ்சம் மனம் இளகியிருக்கிறார். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பீரோவை வாங்கி மாடியில் ஏற்றிவிட்டாரானால் விஷயம் முடிந்தது. அவர் அந்த ஊர்க்காரராகிவிட்டார். அல்லது, ஆகிவிட்டதாக உலகத்துக்குச் சொல்ல ஆசைப்படுகிறார்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்ன வித்தியாசம் அல்ல. அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு விக்டர் ஹ்யூகோவின் வீடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஹ்யூகோ யார் என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ரொட்டியைத் திருடிவிட்டுப் பத்தொன்பது வருஷம் சிறையில் கிடந்த ழான் வால்ழானை நமக்குத் தெரியும். சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வழியாக அவன் நம் வீடுகளுக்குள் நுழைந்தான். 1950-இல் நாகையாவின் முகத்தோடு திரையிலும் வந்து அழ வைத்தான். அந்த நாவலை உலகத்துக்குக் கொடுத்த காலத்தில் அதன் ஆசிரியர் சொந்த நாட்டில் இல்லை. கடல் நடுவே ஒரு தீவில், தாமே தேடித் தேடி வாங்கிய விசித்திரமான மரச்சாமான்களின் நடுவே உட்கார்ந்திருந்தார். அந்தச் சாமான்களின் கதைதான் இது.

1851-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி. பிரெஞ்சுக் குடியரசின் தலைவராக ஜனங்கள் தேர்ந்தெடுத்த லூயி நெப்போலியன், அந்தக் குடியரசையே கவிழ்த்துவிட்டு அதிகாரத்தைக் கைப்பற்றினான். சட்டசபை அங்கத்தினராக இருந்த ஹ்யூகோ, பாரிஸ் ஜனங்களைக் கிளப்பி எதிர்த்துப் பார்த்தார். நடக்கவில்லை. டிசம்பர் 11-ஆம் தேதி இரவு, ஒரு தொழிலாளியின் வேஷத்தில், வேறொருவர் பெயரிலிருந்த பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, பிரஸ்ஸல்ஸுக்கு ரயிலேறினார். வயது நாற்பத்தொன்பது. நாடறிந்த கவிஞர்; பிரெஞ்சு அக்காதெமியின் அங்கத்தினர். கையில் ஒன்றுமில்லை. அவருடைய கையெழுத்துப் பிரதிகள் அடங்கிய பெட்டியை அவருடைய தோழி ஜூலியெத் துரூவே பிற்பாடு கொண்டு வந்து சேர்த்தாள். பதினெட்டு வருஷமாக அவரோடு பழகியவள். மனைவிக்கும் ஊருக்கும் தெரிந்த உறவு.

போனவர் விட்டுவிட்டுப் போனது ஒரு வீட்டை. பழைய சாமான் என்றால் ஹ்யூகோவுக்குப் பைத்தியம். இடிந்துபோகும் கோயில்களையும் கோட்டைகளையும் காப்பாற்ற வேண்டும் என்று இளம் வயதிலேயே குரல் கொடுத்தவர் அவர். 1831-இல் அவர் எழுதிய நோத்ர் தாம் நாவலே ஒரு பழைய கோயிலுக்காகப் பேசிய நாவல்தான். அந்தப் பிரியம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. செதுக்கு வேலை செய்த பெட்டகம், நிறம் மங்கிய சித்திரத் திரைச்சீலை, விரிசல் விட்ட பீங்கான் தட்டு என்று பழஞ்சாமான் கடைகளில் துருவித் துருவி வாங்கிச் சேர்த்தார். 1847-இல் அவரைப் பார்க்கப் போன சார்ல்ஸ் டிக்கன்ஸ், அந்த வீடு பழம்பொருள் கடை மாதிரியும், பழைய நாடகக் கொட்டகையின் சாமான் அறை மாதிரியும் இருந்ததாக ஒரு கடிதத்தில் எழுதினார். ஒரு நாவலாசிரியரின் வீட்டை இன்னொரு நாவலாசிரியர் பார்த்தால் இப்படித்தான் ஆகும்!

அந்தச் சாமான்கள் எல்லாம் 1852-ஆம் வருஷம் ஜூன் மாதம் இரண்டு நாள் ஏலத்தில் போயின. ஏலத்தை முன்னின்று முடித்தவள் அவருடைய மனைவி அதேல். கவிஞர் தெயோஃபில் கோத்தியே அந்த ஏலத்தைப் பற்றி மனம் நொந்து பத்திரிகையில் எழுதினார். ஹ்யூகோ அப்போது பிரஸ்ஸல்ஸில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, லூயி நெப்போலியனைக் கிழித்துப் போடும் ஒரு புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகத்தை வெளியிட்டுவிட்டு பெல்ஜியத்தில் இருக்க முடியாது. ஆகஸ்டு மாதம் ஜெர்ஸி தீவுக்குப் போனார்.

ஜெர்ஸியும் கெர்ன்ஸியும் ஆங்கிலக் கால்வாயில் பிரான்ஸின் கரையை ஒட்டியிருக்கும் தீவுகள். ஜனங்கள் பேசியது ஒருவகைப் பிரெஞ்சு. ஆனால் ஆட்சி ஆங்கில முடிக்கு உட்பட்டது. ஊரை விட்டு வந்தவனுக்கு இதைவிடக் கொடுமையான இடம் கிடையாது. பாஷை காதில் விழும். கரையும் சில நாள் கண்ணுக்குத் தெரியும். கால் மட்டும் வைக்க முடியாது. ஜெர்ஸியில் மூன்று வருஷம் கடற்கரையோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். அங்கேயிருந்த பிரெஞ்சு அகதிகளின் பத்திரிகை, விக்டோரியா மகாராணியைப் பரிகசித்த ஒரு கடிதத்தை வெளியிட்டது. பத்திரிகைக்காரர்களை அதிகாரிகள் தீவை விட்டுத் துரத்தினார்கள். ஹ்யூகோ அவர்களுக்காகப் பரிந்து பேசினார், அவரையும் துரத்தினார்கள். 1855-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி கெர்ன்ஸியில் வந்து இறங்கினார். நாலு வருஷத்துக்குள் மூன்று இடத்திலிருந்து கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

இனிமேல் நகரமாட்டேன் என்று அவர் அப்போது தீர்மானித்திருக்க வேண்டும். 1856-இல் ‘தியானங்கள்’ என்று பொருள்படும் கவிதைத் தொகுதி வெளிவந்து நன்றாக விற்றது. அந்தப் பணத்தைக் கொண்டு, மே 16-ஆம் தேதி, செயின்ட் பீட்டர் துறைமுகத்தின் மேட்டுத் தெருவில் ஒரு பெரிய வீட்டை வாங்கினார். ஓத்வீல் ஹவுஸ் என்று பெயர். ஆவி நடமாடுகிறது என்ற பேச்சினால் ஆளில்லாமல் கிடந்த வீடு. ஐம்பத்துநாலு வயதில் அதுதான் அவருடைய முதல் சொந்த வீடு. சொந்த வீட்டில் ஒரு சௌகரியமும் இருந்தது: வாடகைக்காரனைத் துரத்துவதுபோல் வீட்டுக்காரனை எளிதில் துரத்திவிட முடியாது. அதற்கு ஈடாக அந்தத் தீவின் பழைய வழக்கப்படி வருஷத்துக்கு இரண்டு கோழி மகாராணிக்கு வரி. உலகத்திலேயே மிக மலிவான பாதுகாப்பு என்று இதைச் சொல்லலாம்.

வீட்டை வாங்கிக் கொடுத்த புத்தகம் எது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஹ்யூகோவின் மூத்த மகள் லெயோபோல்தீன், கல்யாணமான சில மாதங்களில், 1843-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், வில்கியே என்ற ஊரில் படகு கவிழ்ந்து இறந்து போனாள். கூடவே அவள் புருஷனும் போனான். பத்தொன்பது வயது. அந்தத் துக்கம்தான் புத்தகத்தின் நடுநாடி. தகப்பனார் நாடு கடந்துவிட்டதால் மகளின் கல்லறைக்கும் போக முடியவில்லை. போக முடியாத கல்லறைக்காக எழுதிய கவிதைகள் விற்று வந்த பணம், அந்த வீட்டின் சுவர்களாயிற்று.

வீடு வாங்கியாயிற்று. பிறகு தொடங்கியது கூத்து!

நவம்பர் மாதம் குடும்பம் குடியேறியது. ஆனால் வீட்டை முடிக்க ஆறு வருஷத்துக்குமேல் ஆயிற்று. கவிஞர் காலையில் எழுதுவார். அது முடிந்ததும் தச்சர்களோடு மல்லுக்கட்டுவார். தீவு முழுவதும் பண்ணை வீடுகளில் ஓக் மரத்தாலான பழைய பெட்டகங்கள் கிடந்தன. ஜூலியெத்தையும் கூட்டிக்கொண்டு அவற்றைத் தேடி அலைவார். எது என்ன விலை என்று கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். வாங்கி வந்த பெட்டகத்தை அப்படியே வைத்தாரா என்றால், அதுதான் இல்லை. பிரித்துப் போடுவார். முன்பலகை சுவருக்குப் போகும். பக்கப் பலகை பெஞ்சியின் முதுகாகும். ஒரு வீட்டின் கதவு இன்னொரு அறையில் மேஜையாகும். நூல் சுற்றும் கட்டைகள்கூட விளக்குத் தண்டாக மாறின. எல்லாவற்றுக்கும் அவரே படம் போட்டுக் கொடுப்பார். சிலவற்றில் அவரே செதுக்கினார், வர்ணம் தீட்டினார்.

தரையில் விரிக்க வேண்டியதையும் சுவரில் மாட்ட வேண்டியதையும் கூரையில் ஏற்றினார். ஒரு நடையில் பீங்கான் தட்டுகள் சுவர் நிறையப் பதிந்து, போதாமல் தலைக்குமேலும் பதிந்திருக்கின்றன. ஒரு கூடத்தில் சித்திரத் திரைச்சீலை கூரையை மூடியிருக்கிறது. சாப்பாட்டு அறையில் டெல்ஃப்ட் பீங்கான் ஓடுகளால் பெரிய கணப்பு. தமது பெயரின் முதல் எழுத்து அதில் தெரியும்படி கட்டச் சொன்னார். அதன்மேல், குழந்தையை ஏந்திய தேவமாதாவின் சிலை. ஆனால் கீழே அவர் எழுதி வைத்த வரிகளைப் படித்தால், தாய் சுதந்திர தேவி ஆகிவிடுகிறாள், குழந்தை பொதுஜனம் ஆகிவிடுகிறது. சாமானை மட்டும் அல்ல, சாமியையும் பிரித்துச் சேர்த்தார் மனுஷர்!

அதே அறையில்தான் அந்த நாற்காலி இருக்கிறது. முன்னோர்களின் நாற்காலி என்று பெயர். உயரமான முதுகு, கனமான மரம். ஒரு கைப்பிடியிலிருந்து இன்னொரு கைப்பிடிவரை குறுக்கே ஒரு சங்கிலி போட்டிருக்கிறது. யாரும் உட்காரக்கூடாது. ‘இல்லாதவர்கள் இங்கே இருக்கிறார்கள்’ என்ற பொருளில் லத்தீன் எழுத்துகள் வேறு. இறந்து போனவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்காக அந்த இடம். அறையின் கதவுக்குமேல் இன்னொரு லத்தீன் வாசகம்: வாழ்க்கையே நாடு கடத்தல் என்றும் அதைப் படிக்கலாம், நாடு கடத்தலே வாழ்க்கை என்றும் படிக்கலாம்.

பகட்டு என்று இதையெல்லாம் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. பகட்டும் இருந்தது, இல்லை என்று யார் சொன்னார்கள்? ஆனால் என் அபிப்பிராயத்தில் அந்த வீட்டில் இருந்தது ஒரு சபதம். பாரிஸ் வீட்டுச் சாமான்களை ஏலத்தில் பறிகொடுத்தவர், மறுபடியும் ஏலம் போட முடியாதபடி ஒரு வீட்டை அமைத்தார். சுவரோடு சேர்த்து ஆணியடித்த பெட்டகத்தை எப்படி ஏலம் போடுவது? ‘நீ என்னைத் திரும்பக் கூப்பிடுவாய் என்று நான் மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை’ என்று பாரிஸிலிருந்த சக்கரவர்த்திக்கு ஒவ்வொரு ஆணியும் சொல்லிற்று. வெறும் வாய்ப்பேச்சும் அல்ல. 1859-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் நெப்போலியன் எல்லா அரசியல் எதிரிகளுக்கும் பொதுமன்னிப்பு வழங்கினான். பல பேர் திரும்பிப் போனார்கள். சுதந்திரம் திரும்பும்போதுதான் நானும் திரும்புவேன் என்று ஹ்யூகோ அறிவித்துவிட்டார். இன்னும் பதினோரு வருஷம் அதைக் காப்பாற்றினார்.

ஆனால், சபதம் எடுத்தவர் ஒருவர். சபதத்துக்குள் குடியிருந்தவர்கள் பல பேர்.

அந்த வீட்டில் இரண்டாவது மகள் ஒருத்தி இருந்தாள். தாயின் பெயர்தான் அவளுக்கும்: அதேல். குடியேறியபோது இருபத்தாறு வயது. பியானோ வாசிப்பாள். தன் வயதுப் பெண்கள் எல்லாம் பாரிஸில் கல்யாணமாகிக் குழந்தையோடிருக்க, இவள் கடற்காற்றும் மூடுபனியும் கறுத்த ஓக் மரமும் சூழ உட்கார்ந்திருந்தாள். வந்த சில வாரங்களில் கடுமையாக நோய்வாய்ப்பட்டாள். தாயார் மகளுக்காகக் கணவரிடம் வாதாடினார். தகப்பனுக்கு நாடு கடத்தல் புகழாக இருக்கலாம், பெண்ணுக்கு அது வெறும் தனிமை என்பது தாய்க்குத் தெரிந்திருந்தது. 1858-இல் தாயும் மகளும் சில மாதம் பாரிஸுக்குப் போய் வந்தார்கள். திரும்பி வந்தபோது வீடு இன்னும் கொஞ்சம் கனத்திருந்திருக்கும். புதிதாக ஏதோ ஒரு பெட்டகம் வந்திருக்கும்.

1863-ஆம் வருஷம் ஜூன் மாதம் அந்தப் பெண் ஒருவரிடமும் உண்மையைச் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். தன்னைக் காதலிக்காத ஓர் ஆங்கிலப் படை அதிகாரியைத் தேடிக் கடல் கடந்து ஹாலிஃபாக்ஸுக்குப் போனாள். பிறகு அவன் பின்னாலேயே பார்படோஸுக்கும் போனாள். 1872-இல் சித்தம் கலங்கிய நிலையில் பிரான்ஸுக்குக் கொண்டு வந்தார்கள். 1915-இல் இறக்கும்வரை மருத்துவ விடுதியிலேயே காலம் போயிற்று. அவள் கதையை 1975-இல் திரைப்படமாகக்கூட எடுத்தார்கள்.

இறந்து போன மகள் வாங்கித் தந்த வீடு அது. இறந்தவர்களுக்கு அங்கே சங்கிலி போட்டு ஒரு நாற்காலி காத்திருந்தது. உயிரோடிருந்த மகளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அவளுடைய நோய்க்கு வீட்டைக் காரணம் காட்டுவது வைத்தியர்களுக்கே துணிச்சலான காரியம். ஆனால் கதை எழுதிப் பழகியவன் கண்ணுக்கு அந்த இரண்டு பெண்களும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது தெரியாமல் போவதில்லை.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஷேக்ஸ்பியரை அந்த வீட்டிலிருந்தே பிரெஞ்சில் மொழிபெயர்த்த இளைய மகன் பிரான்ஸ்வா-விக்டரும், தாயாரும் 1865-இல் பிரஸ்ஸல்ஸுக்குப் போய்விட்டார்கள். மூத்த மகன் ஏற்கெனவே போயாயிற்று. இத்தனை கூடம், இத்தனை பெஞ்சி, இத்தனை கணப்பு. உட்கார ஆள் இல்லை. இரண்டாம் மாடியில் ஓக் மரத்தால் இழைத்துச் செதுக்கிய ஒரு பெரிய கட்டில் உண்டு. அந்த அறைக்கு கரிபால்டியின் அறை என்று பெயர் வந்தது. இத்தாலிய வீரர் கரிபால்டியை ஹ்யூகோ அழைத்திருந்தார். அவர் வரவேயில்லை. வீட்டுக்காரரும் அதில் படுத்ததில்லை.

பின்னே அவர் எங்கேதான் இருந்தார்? அங்கேதான் எனக்கு அந்த வீட்டின் மீதுள்ள கோபம் தணிகிறது. கீழே இருட்டு. ஏற ஏற வெளிச்சம். எல்லாவற்றுக்கும்மேல், கூரையின் உச்சியில், 1861-இல் தொடங்கி ஒரு கண்ணாடி அறை கட்டிக்கொண்டார். கோடையில் வெயில் கொளுத்தும். குளிர் காலத்தில் காற்று அறையும். பக்கத்தில் சின்னஞ்சிறு அறையில் தாழ்வான ஒரு படுக்கை. கண்ணாடிக்கு அருகே ஒரு பலகை. அதன் முன் நின்றுகொண்டே எழுதுவார். பாரிஸில் தொடங்கிப் பாதியில் நின்றுபோன ழான் வால்ழானின் கதையை, 1860-இல் பெட்டியிலிருந்து மறுபடி எடுத்தது இந்த வீட்டில்தான். 1862-இல் அது வெளிவந்தது. அந்தத் தீவு மீனவர்களைப் பற்றிய ‘கடல் தொழிலாளிகள்’ இங்கே எழுதப்பட்டு 1866-இல் வந்தது. அதைக் கெர்ன்ஸிக்கே சமர்ப்பணம் செய்தார். இத்தனை சாமான் தேடினவருக்கு, எழுத வேண்டியிருந்தபோது தேவைப்பட்டது ஒரு பலகையும் ஒரு ஜன்னலும்தான்.

அந்தச் சாப்பாட்டு அறைக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. 1862-ஆம் வருஷத்திலிருந்து ஊரிலுள்ள ஏழைக் குழந்தைகளை வாரந்தோறும் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட ஆரம்பித்தார். முதலில் ஒரு டஜன் குழந்தைகள். பிறகு நாற்பது வரைக்கும் வந்தன. கனத்த நாற்காலிகளும் லத்தீன் வாசகங்களும் நிறைந்த அந்த வீட்டில் நாற்பது குழந்தைகளின் சத்தம்! செதுக்கு மரத்துக்கெல்லாம் அதுவல்லவா மெருகு?

1868-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் மனைவி அதேல் பிரஸ்ஸல்ஸில் காலமானார். ஹ்யூகோவும் அப்போது அங்கே இருந்தார். வில்கியேயில், மூத்த மகளின் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அந்த அம்மாளின் விருப்பம். ஹ்யூகோ சவப்பெட்டியோடு பிரெஞ்சு எல்லை வரைக்கும் போனார். அங்கே நின்றுவிட்டார். பெட்டி மட்டும் எல்லையைத் தாண்டிப் போயிற்று. மனைவியின் அடக்கத்துக்குக்கூடச் சபதத்தை மீறவில்லை. மதிப்பதா, வருந்துவதா என்று தெரியாமல் நான் பல தடவை புத்தகத்தை மூடி வைத்த இடம் அது.

இரண்டு வருஷத்தில் சாம்ராஜ்யம் கவிழ்ந்தது. 1870-ஆம் வருஷம் செப்டம்பர் 4-ஆம் தேதி பாரிஸில் குடியரசு பிரகடனமாயிற்று. மறுநாள் ஹ்யூகோ பாரிஸில் இறங்கினார். ரயில் நிலையத்தில் பெருங்கூட்டம். ஒரு பெட்டகத்தையும் அவர் கூடக் கொண்டு வரவில்லை. எப்படிக் கொண்டு வருவது, சுவரோடு சுவராக இருக்கும்போது? பிற்பாடு சில தடவை தீவுக்குப் போய்த் தங்கினார். கடைசி நாவலை அங்கேதான் எழுதினார். ஆனால் 1885-இல் கண்ணை மூடியது பாரிஸில், ஒரு வாடகை வீட்டில்.

1927-இல் அவருடைய வாரிசுகள் ஓத்வீல் வீட்டைப் பாரிஸ் நகரசபைக்குக் கொடுத்துவிட்டார்கள். பழுது பார்த்து, 2019-இல் மறுபடி திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஆங்கில முடிக்கு உட்பட்ட தீவில் ஒரு வீடு, பாரிஸ் நகரத்தின் சொத்து. பாரிஸுக்குப் போக மாட்டேன் என்று ஆணியடித்த வீட்டைப் பாரிஸே வந்து எடுத்துக்கொண்டது.

பிழைப்புக்காகவோ பிடிவாதத்துக்காகவோ அயல்நாட்டில் வீடு போடுகிறவர்கள் இன்று ஏராளம். எந்தக் கட்டில், எந்த மேஜை, சுவருக்கு என்ன வர்ணம் என்று அவர்களும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள். நல்ல மரமாகப் பார்த்து வாங்கட்டும். சுவரில் ஊர்ப் படமும் மாட்டிக்கொள்ளட்டும். போனவர்களுக்கு ஒரு நாற்காலி போடுவதும் நல்லதுதான். அதற்கு முன்னால், வீட்டில் இருக்கிற பெண் எங்கே உட்கார ஆசைப்படுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.